கடைசி சீட்டுக்காரர்

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு நடந்தது இது. திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையில் ஒரு சின்ன டிராவல்ஸ் நடத்துகிறேன். காசி, ராமேஸ்வரம், நவக்கிரகம் என்று பல வருடங்களாக ஜனங்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வந்தவளுக்கு, திடீரென்று ஆகாயத்தில் பறக்கும் ஆசை வந்துவிட்டது.

சென்னையில் ஒரு சிறிய சார்ட்டர் விமான கம்பெனி. சுற்றுலாக் குழுக்களை மட்டும்தான் ஏற்றுவார்கள். முழு விமானத்தையும் நமக்கே வாடகைக்குத் தருவார்கள். மினி பஸ்ஸுக்கு இறக்கை வைத்தது போலத்தான் இருக்கும். ஹம்பிக்கு முதல் பயணம். இது ஒழுங்காக நடந்தால் மேற்கொண்டு பேசலாம், இல்லாவிட்டால் வேறு ஊர் ஏஜென்ட்டைப் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஊரையே கட்டி மேய்க்கிற எனக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் நம் சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்கள். ஒருவர்கூட அதற்கு முன் விமானம் ஏறியதில்லை. சிறிய விமானம் என்பதால் விமான நிலையத்தில் பெட்டியோடு சேர்த்து ஆட்களையும் எடை போட்டார்கள். மணவூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி, "பொண்ணு பாக்க வந்தவங்ககூட என்னை இப்டி நிறுத்துப் பாக்கலியே!" என்று சொல்ல, எடை போட்ட பையன் உட்பட எல்லோரும் சிரித்தோம். அந்த எடையை வைத்துத்தான் யார் எந்த சீட் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

யார் அதைப் பார்த்தார்கள்? அரக்கோணம் ரயிலில் இடம் பிடித்துப் பழகிய ஜனம் ஆயிற்றே! கதவு திறந்ததுதான் தாமதம், முதலில் ஏறியவர் துண்டைப் போட்டு நான்கு சீட் பிடித்துவிட்டார். ஆளாளுக்குச் சொந்தபந்தத்தோடு பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

விமானி வந்து பார்த்தார். கோபப்படவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "பின்பக்கம் வெயிட் ஏறிடுச்சு மேடம். நாங்க குடுத்த சீட்ல உட்கார்ந்தாத்தான் எடுப்பேன். அங்க இறங்குற ரன்வேல லைட் கிடையாது, இருட்டுறதுக்குள்ள இறங்கணும். இன்னும் கொஞ்சம் லேட் ஆனா இன்னிக்கு கேன்சல்தான்" என்றார்.

முதல் பயணமே கேன்சல் என்றால் கம்பெனி வேறு ஏஜென்ட்டைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பயத்தைக் காட்டிக்கொண்டால் நான் டிராவல்ஸ் நடத்தி என்ன பிரயோசனம்? அதட்ட வேண்டியவரை அதட்டி, கெஞ்ச வேண்டியவரைக் கெஞ்சி எல்லோரையும் மாற்றி உட்கார வைத்துவிட்டேன், ஒருவரைத் தவிர.

அவர் கனகம்மாசத்திரம் பக்கத்துக் கரும்பு விவசாயி. ஆஜானுபாகுவான மனிதர். அவருக்கு முன் வரிசையில் சீட், அவர் மனைவிக்குக் கடைசி வரிசை. இவரோ மனைவியோடு கடைசி வரிசையில் ஜம்மென்று அமர்ந்திருந்தார்.

"அண்ணா, உங்க சீட்டு முன்னாடி இருக்குது."

"நான் எங்கியும் வர்றதில்ல மா. இங்கதான் குந்திகினு வருவேன்."

அவருடைய மைத்துனர் எழுந்து, "பாவா, எழுந்து வா பாவா. உன்னாலதான் எல்லாரும் காத்துகினு கீறாங்க" என்றார். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "நெலம் கீற திமிரு!" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று, தலை இடிக்காமல் குனிந்துகொண்டு அவர் அருகில் போனேன்.

அப்போதுதான் பார்த்தேன். அவர் மடியில் கிடந்த துண்டுக்கு அடியில், அவர் மனைவி அவருடைய விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. உதடு மட்டும் முருகா, முருகா என்று அசைந்துகொண்டிருந்தது. கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை. மனைவியின் பயத்தை நாலு பேர் கேலி பேசக்கூடாது என்று, திமிர் பிடித்தவன் என்கிற பெயரைத் தான் வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது.

குரலைத் தாழ்த்தி, "அக்கா, ரெண்டு பேருக்கும் முன்னாடியே பக்கத்துல பக்கத்துல எடம் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம்மா. அங்க பைலட்டுக்குக் கதவே இல்ல, கண்ணாடில வானம் அப்டியே தெரியுது. நான் வேணா எறங்கிடறேன்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

அவர் இறங்கினால் கணவரும் இறங்குவார். அவர்கள் பெட்டிகளைத் தேடி இறக்குவதற்குள் பொழுது போய்விடும். அவ்வளவுதான், பயணமே முடிந்தது.

சட்டென்று எனக்கு ஒன்று தோன்றியது. "அக்கா, நீங்க காவடி எடுத்திருக்கீங்களா?"

கண்ணைத் திறந்தார். "ஆங். கல்யாணம் ஆனதுலேர்ந்து வருசா வருசம் ஆடிக் கிருத்திகைக்கு எடுக்கறேன். பால் காவடி."

"ஒரு பக்கத்துச் செம்புல மட்டும் பால் ஜாஸ்தியா இருந்தா?"

"தோள்ல நிக்காது. சாஞ்சிகினே போவும். படி ஏற முடியாது."

"இந்த ப்ளேனும் காவடிதான்கா. அண்ணன் ஒரு பக்கத்துச் செம்பு, நீங்க ஒரு பக்கத்துச் செம்பு. ரெண்டும் ஒரே பக்கம் தொங்குனா மேல ஏறாது."

அந்த அம்மா விமானத்தின் முன்பக்கத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, "எழுந்து போய்யா. போய் முன்னாடி குந்து. இந்தப் பக்கத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

கணவர் எழுந்து முன்னால் நடந்தபோது யார் ஆரம்பித்தார்களோ தெரியவில்லை, "முருகனுக்கு அரோகரா!" என்று விமானமே அதிர்ந்தது. என்னவோ ஏதோ என்று விமானி திரும்பிப் பார்த்தார். "எல்லாம் சரி ஆயிடுச்சு சார், எடுங்க" என்றேன்.

வெளிச்சம் இருக்கும்போதே ஹம்பிப் பக்கம் இறங்கிவிட்டோம். படியிறங்கி வந்த மனைவியிடம் அவர், "பயந்துகினியா?" என்று மெல்லக் கேட்டார்.

"நானா? நீதான் வழி பூரா என்னியத் திரும்பித் திரும்பிப் பாத்துகினு வந்த!" என்று சிரித்தார் அந்த அம்மா.

அந்தக் கம்பெனி இன்றும் எங்கள் குழுக்களை ஏற்றிக்கொண்டு பறக்கிறது. முரண்டு பிடிக்கிற ஆள் பயணத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார். என் வாய் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அதைத் திறப்பதற்கு முன், அவர் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பார்த்துவிடுகிறேன்.