பின்தெருவில் அம்மா குடியிருந்த மாதங்கள்

அம்மாவுக்கான இந்த நினைவு மலரில் எதை எழுதுவது, எதை விடுவது என்று வீட்டில் பெரிய பேச்சே நடந்தது. பெரியப்பா, "நல்லபடியா நாலு வரி எழுதும்மா. அந்தப் பழைய கதையெல்லாம் இன்னாத்துக்கு?" என்றார். அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அவ வூட்ட வுட்டுப் போனத எழுது. அத வுட்டுட்டு எழுதினா அது உங்கம்மா கதையே இல்ல" என்றார். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில், மீன்பிடிக் குடும்பத்தின் கடைசிப் பெண்ணாக. படிப்பு எட்டாவதோடு நின்றது. தானாக நிற்கவில்லை, மற்றவர்கள்தான் நிறுத்தினார்கள் என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். திருவொற்றியூரில் வெல்டராக இருந்த அப்பாவை மணந்து வந்தார். அப்பாவின் தொழிற்சாலையைக் கதவடைப்புச் செய்து சில மாதங்கள் மூடியிருந்தபோது, இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போய் என்னையும் தம்பியையும் பசி தெரியாமல் வைத்திருந்தார். ஐஸில் ஊறிய விரல் நுனிகள் வெளுத்துப் போயிருக்கும். அந்தக் கையோடுதான் எனக்குத் தலை பின்னி விடுவார்.

நான் பன்னிரண்டாவது முடித்த கோடையில், அத்திப்பட்டு அத்தையின் மகனுக்கு என்னைக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கோ கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்திருந்தது.

"பொண்ணு காலேஜுக்குப் போவட்டும். கல்யாணம் அப்பால பாத்துக்கலாம்" என்றார் அம்மா.

"இது என் வூடு. இங்க நான் சொல்றதுதான்."

"அப்போ என் வூடு எது?"

அப்பா எழுந்து கை கழுவப் போனார். மறுநாள் காலையில் அம்மா சமைத்தார், துணி துவைத்துக் காயப்போட்டார், ஒரு பையில் புடவைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிறந்த வீட்டுக்குப் போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் போனது எங்கள் பின்தெருவுக்கு. அங்கே தையல் கடை வைத்திருந்த மும்தாஜ் அக்காவின் மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலைக்கும் சேர்ந்துவிட்டார்.

எங்களிடம் ஒன்றுதான் சொன்னார்: "நீங்க ரெண்டு வூட்லயும் இருங்க. கோவம் எனக்கும் அவருக்கும்தான். அப்பாவப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை தப்பாப் பேசக் கூடாது."

பெரியப்பா சமாதானம் பேசப் போனார். "இன்னாமா இது, தெருவே சிரிக்குது."

"சிரிக்கட்டும் மாமா. நான் இன்னா ஊர வுட்டா ஓடிட்டேன்? பின்தெருவுலதானே கீறேன்" என்று சொல்லி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார். பெரியப்பா காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வீட்டில் அப்பா அடுப்பைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார். சோறு ஒரு நாள் குழையும், ஒரு நாள் அடிப்பிடிக்கும். நான் சமைக்கிறேன் என்றாலும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்தவர், குழம்பைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டுப் பின்தெருவுக்குப் போனார். போனில் கேட்டிருக்கலாம். மும்தாஜ் அக்கா வீட்டு வாசலில் நின்று மாடியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "ஏய், புளி கரைச்சு ஊத்தினப்புறம் மீனப் போடணுமா, முன்னாடியா?"

அம்மா ஜன்னலில் வந்து நின்று, "கொதி வந்தப்புறம்" என்றார்.

எனக்கு நினைவு தெரிந்து அப்பா அம்மாவிடம் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம். அன்றிலிருந்து அவர் கேட்க ஆரம்பித்தார். ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டார். தம்பிக்கு இருமல் வந்தால் என்ன கொடுப்பாய் என்று கேட்டார். ஷிப்ட் முடிந்து வரும் வழியே பின்தெரு என்றாகிவிட்டது. ஒரு மாலை கீழே நின்று, "பொண்ணு இன்னாதான் படிக்கணும்ன்னுது?" என்று கேட்டார்.

"அத அவகிட்டயே கேளு" என்றார் அம்மா.

என்னிடம் கேட்டார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு தனியாகவே அத்திப்பட்டுக்குப் போய் அத்தையிடம் வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அத்தை கதவைச் சாத்தினார் என்பதும், அப்பா அந்த வாசலிலேயே வெகுநேரம் நின்றார் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

கல்லூரியில் சேர்க்க இருவருமே வந்தார்கள். திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "வூட்டுக்கு வா."

"யார் வூட்டுக்கு?"

"நம்ம வூட்டுக்குத்தான்."

"இந்த மாச வாடகை குடுத்துட்டேன். மாசம் முடியட்டும், வரேன்."

சொன்னபடி வந்தார். பட்டப்பகலில், சந்து வழியை விட்டுவிட்டு, கடைகள் இருக்கும் முன்தெரு வழியாக வந்தார். மும்தாஜ் அக்கா ஸ்டவ்வைத் தூக்கி வந்தார். அப்பா பாயையும் தலையணையையும் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.

அந்த மாதங்கள் அம்மாவுக்கு எளிதாகப் போகவில்லை. மாடியில் அவர் அழாத வாரமில்லை என்று மும்தாஜ் அக்கா சென்ற ஆண்டுதான் எங்களிடம் சொன்னார். ஆனால் திரும்பி வந்த அம்மா புது ஆள். கேன்டீன் வேலையை விடவில்லை, அங்கேயே சமையல் பொறுப்பாளர் ஆனார். அத்தை மகனின் திருமணத்துக்கு அழைப்பு வராமலே போய்ப் பந்தியில் நின்று பரிமாறினார். அத்தை முறைத்தார். இலை எடுக்கும் நேரத்தில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தெருவில் எந்தப் பெண்ணுக்கு மனக்கஷ்டம் என்றாலும் எங்கள் வீட்டுக்கு வருவார். வீட்டை விட்டுப் போ என்று அம்மா ஒருவரிடமும் சொன்னதில்லை. "முதல்ல பேசு. கேக்கற வரைக்கும் பேசு" என்பார். நான் இன்று துறைமுகத்தில், சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தை நிர்வகிக்கிறேன். மணமகனை நான் தேர்ந்தெடுத்தேன். சம்பந்தம் பேச முன்னால் போனவர் அப்பா.

கடைசியில் அம்மா படுத்தது சில வாரங்கள்தான். அப்பா தலை வாரிவிட்டார், சோறு ஊட்டினார், பக்கத்திலேயே படுத்தார். ஒரு காலையில், அவர் கையைப் பிடித்தபடியே அம்மா அமைதியானார்.

எடுக்கும் நேரத்தில் தெருப் பெண்கள் எல்லோரும் கூடவே கிளம்பினார்கள். "பொம்பளைங்க தெருமுனையோட நின்னுக்கங்க" என்றார் பெரியப்பா.

"வரட்டும்ண்ணா. அவங்க வராம வேற யாரு வர்றது?" என்றார் அப்பா.

முதலில் நடந்தவர் அத்திப்பட்டு அத்தை. பின்னால் மும்தாஜ் அக்கா, கேன்டீன் பெண்கள், நெட்டுக்குப்பத்துப் பெரியம்மாக்கள், நான். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் இடைவெளியில்லாமல் போய்க்கொண்டிருந்தன. கடக்க முடியாமல் நின்றோம். திடீரென்று பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் இறங்கி இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "நில்லு நைனா! எங்க வூட்டுப் பொண்ணுங்க போவுது!" என்று கத்தினார். லாரிகள் நின்றன. கடைசிப் பெண் கடக்கும் வரை அவர் கையை இறக்கவே இல்லை.

அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தவர்கள், வீட்டில் அடுப்பெரியாத நாள்களில் சாப்பாடு கொண்டுவந்த பின்தெருக் குடும்பங்கள், சுடுகாடு வரை நடந்த ஒவ்வொரு பெண்மணி, எல்லோருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. அன்று ஹார்ன்கூட அடிக்காமல் வரிசையாக நின்ற அந்த லாரி ஓட்டுநர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும்.