ஊசி முனையில் சந்தனம்

ஓசூரில் நான் வேலை செய்யும் பட்டறை வண்டி உதிரிபாகம் செய்கிறது. பின்பக்கம் எனக்கு ஒரு ஏசி அறை. ஆழ்கடல் அகழியின் அடிச்சேற்றில் குத்தும் சென்சார்களை அங்கே செய்கிறேன். மேலிருந்து விழும் செத்த உயிர்களின் கார்பனைச் சேற்றுக் கிருமிகள் தின்னும்போது ஆக்சிஜன் குறையும். அந்தக் குறைவை வைத்து எவ்வளவு கார்பன் தின்னப்பட்டது, எவ்வளவு புதைந்தது என்று ஆராய்கிறார்கள். பட்டறையில் யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. "சேத்துக்கு எதுக்குங்க மெஷினு?" என்று கேட்டுவிட்டு டீக்குப் போய்விடுவார்கள்.

போன ஆயுத பூஜையன்று, கப்பலுக்கு அனுப்ப வேண்டிய சென்சாரை மூடி போடாமல் மேசையில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். அதன் கண்ணாடி முனை முடியைவிட மெல்லிசு. திரும்பி வந்தால், லேத் ஓட்டும் மதுரைக்காரர் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறார். சென்சாரின் குழாயில் சந்தனப் பட்டை, குங்குமம். முனையிலும் ஒரு பொட்டு.

"எல்லா மெஷினுக்கும் வச்சாச்சு தங்கச்சி. உன் ஊசிக்கு மட்டும் வைக்கலேன்னா கோவிச்சுக்கிடாதா?"

"அறிவிருக்காண்ணா உனக்கு? யாரு உள்ள வரச் சொன்னா?"

"அட, தொடைச்சாப் போகுது" என்று வேஸ்ட் துணியால் துடைத்தார். முனை ஒடிந்தது.

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பூஜைக்கு நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

புது முனையில் ஆக்சிஜனை உணரும் பூச்சு காய நாள் பிடிக்கும். கப்பல் காத்திருக்காது. இதை விட்டால் அடுத்த பயணம் எப்போதென்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் பொரி பொட்டலத்தோடு ஊருக்குக் கிளம்பினார்கள். நான் ஊத்தங்கரை பஸ்ஸை விட்டுவிட்டு அறையில் உட்கார்ந்தேன். பட்டறையில் பிரஸ் மெஷின் ஓடாததால் தரை அதிரவில்லை. வேலைக்கு அது நல்லது, எனக்கு நல்லதாக இல்லை. வாட்ச்மேன் போனில் கன்னடம் பேசுவதுதான் கேட்ட ஒரே மனிதக் குரல்.

லீவு முடியும் நாளில், ஆக்சிஜன் நீக்கிய நீரில் முனையை வைத்தேன். காட்ட வேண்டியபடியே பூஜ்யம் காட்டியது. அசையவில்லை. "நின்னுடுச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். பதில் சொல்ல ஆளில்லை.

சென்சார் கப்பலேறி, சேற்றில் இறங்கி, ஒழுங்காக அளந்தது. மின்னஞ்சலில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

நான் திட்டியதில் தப்பில்லை. நாளைக்கு நடந்தாலும் திட்டுவேன். இப்போது அவர் என் சென்சார்களுக்காக லேத்தில் கடைந்த குழாய்களைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, "வச்சிருக்கேன் மேடம்" என்று அங்கிருந்தே சொல்கிறார். கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறார்.