தேவ்சார் குடியேறிய சதுரம்

ஷெவந்தி காவஸுக்குச் சட்டென்று முடிவெடுக்க வராது. மீன்காரி கூடையை இறக்கினால் அயிலையா மத்தியா என்று இவள் யோசிப்பதற்குள் கூடை அடுத்த வாசலுக்குப் போய்விடும். அப்படிப்பட்டவளிடம் போய், செத்ததா பிழைத்ததா என்று செடிகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கொடுத்தார்கள் என்றால், கொடுத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

கோவாவில் டிசோலிப் பக்கம் இரும்புத்தாது தோண்டிய கம்பெனி, வேண்டாத மண்ணை ஊருக்கு மேலே மலையாகக் குவித்தது. பிறகு சுரங்கத்தை மூடிவிட்டது. ஷெவந்தியின் கணவன் ஓட்டிய லாரி துருப்பிடித்தது. மண்மலையில் செடி நட்டார்கள். எவ்வளவு பச்சை பிடிக்கிறது என்று அளக்க, மட்காவ்ங்காரரான சாவியோ வந்தார். ஐந்து இடங்களில் சதுரம் குறித்து, மூலைக்கொரு கல் நட்டு, கையில் கிடைத்த சிவப்புப் பெயின்டை அடித்தார். கூட நின்று அளக்க ஷெவந்தி. குச்சியாக நிற்கும் செடியை நகத்தால் கீறி, உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் என்று சொல்ல வேண்டும். அவள் ஒவ்வொன்றையும் நாலு தடவை கீறுவாள்.

சதுரங்களுக்குள் பாதிக்கு மேல் பச்சை வந்துவிட்டால் மலை தேறிவிட்டது என்று அர்த்தம். அதோடு கம்பெனி கைகழுவிவிடும். அடிவாரத்தில் மண்ணைத் தடுக்கும் வாய்க்காலை யாரும் தூர் வார மாட்டார்கள். மழை வந்தால் செம்மண் குழம்பு நேரே ஷெவந்தி வீட்டு வயலில் இறங்கும். ஒருமுறை இறங்கியும் இருக்கிறது. அந்த வருஷம் முழுக்க ரேஷன் அரிசிக் கஞ்சிதான்.

இந்தக் கோடையில் ஏறிப் பார்த்தவள் திகைத்துப்போனாள். சதுரத்துக்குள் செடி தளதளவென்று நிற்கிறது. ஒரு எட்டு வெளியே வைத்தால் வெறும் செம்மண். கல்லடியில் ஒரு பீடி, கொஞ்சம் ஃபெனிச் சாராயம், காய்ந்த ரொட்டித் துண்டு. ஊர் எல்லையைக் காக்கும் தேவ்சாருக்குப் படைப்பது இதெல்லாம்தானே! இங்கே எப்படி வந்தது?

பக்கத்து வீட்டிலிருக்கும் ஓரகத்தி மால்னியிடம் ஓடினாள்.

"நீதானேடி ஆரம்பிச்சு வச்ச!"

"நானா?"

"கல்லு நட்ட அன்னிக்கு தேங்கா ஒடச்சியே. சும்மா கெடக்கற கல்லுக்கா ஒடைப்பாங்க? அதுக்கப்புறம் ஊரே தண்ணி ஊத்துது. மாடு மேய்க்கிறவன்கூட அந்தப் பக்கம் ஓட்டுறதில்ல."

"வேலைய ஆரம்பிக்கறப்போ ஒடைக்கிறதுதானேக்கா! ஊத்த வேணாம்னு சொல்லுங்க, நம்ம வயலு போயிடும்."

"நீயே போய் தேவ்சார்கிட்ட சொல்லு. நாளைக்கு என் பேத்திக்குக் காய்ச்சல் வந்தா உன் வயலா வந்து பாக்கும்?"

அளக்கும் நாளன்று சாவியோவுக்குத் தலைகால் புரியவில்லை. "பிரமாதம் ஷெவந்திபாய்! மலை தேறிடுச்சு!"

"வெளியேயும் கொஞ்சம் பாருங்க சார்."

"வெளியே பாக்கறது நம்ம வேலை இல்லையே."

ஷெவந்தி பச்சைச் செடியையே மறுபடி கீறிப் பார்த்தாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் வயல் போகும். அதைவிட, இது தேவ்சாரைக் காட்டிக்கொடுப்பதாகுமா, ஆகாதா? ஒன்றும் விளங்காமலே வாயைத் திறந்துவிட்டாள். "நான்தான் சார் தேங்கா ஒடச்சேன். ஊர்க்காரங்க தினம் தண்ணி ஊத்தறாங்க."

அதுவரை கல்மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்த சாவியோ, பீடியைப் பார்த்ததும் துள்ளி எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கே இப்பத்தான் சார் தெரியும்."

அவர் நல்ல மனிதர். சிரிக்கவும் இல்லை, வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. ஐந்தும் செல்லாது என்று கற்களைப் பிடுங்கச் சொன்னார். வேறு ஐந்து இடங்களில் இரும்பு முளையை மண்ணுக்குள் மறைத்து அடித்தார். "யாருக்கும் மூச்சு விடாதீங்க. உங்க வீட்டுக்காரருக்குக்கூட."

வயல் இப்போதைக்குத் தப்பியது. ஆனால் பிடுங்கின கல்லில் இருந்தவர் எங்கே போனார்? இருந்தாரா, இல்லையா? ஷெவந்தி அன்று சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை வாசலில் மால்னி. இடுப்பில் குடம். பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், அவர்கள் இடுப்பிலும் குடம்.

"கல்லைப் புடுங்கிட்டீங்களாமே. அவரை எங்கடி கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"

உண்மையைச் சொன்னால் புதுச் சதுரமும் பச்சையாகிவிடும். தெரியாது என்றால் மால்னி விடமாட்டாள். யோசிக்க நேரமில்லை. ஷெவந்தியின் கை தானாக எழுந்து, வயலுக்கு நேர் மேலே, முளை எதுவும் அடிக்காத, போன முறை மண் உடைந்து இறங்கிய சரிவைக் காட்டியது.

"அங்க."

"அங்கயா? நட்டதெல்லாம் குச்சியா நிக்குதேடி!"

"அதனாலதான்க்கா அங்க போயிருக்காரு."

மால்னி சரிவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் போனார்கள். மேலே முதல் குடம் கவிழ்ந்தது, பெண்கள் கைகூப்பினார்கள்.

பொய் சொல்லிவிட்டோமா என்று ஷெவந்திக்குத் தெரியவில்லை. உள்ளே போய்த் தன் குடத்தை நிரப்பிக்கொண்டு அவளும் பின்னால் ஏறினாள்.