கொடும்பாவிக்கு அழுதவர் பெயர்

அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது பாவம் என்று தபால் இலாகாவில் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஜெயமேரி, ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக அடுத்தவர் கடிதங்களைத்தான் படித்தார். அவை தடிமனான புத்தகமாக அச்சாகியிருந்ததால் பாவத்தில் சேராது என்பது அவர் கட்சி.

வேலையில் இருந்த காலத்தில் அவர் ஒரு தினுசு. முகவரி அரைகுறையாக வந்த கல்யாணப் பத்திரிகையைப் பெண் வீட்டுச் சீர்வரிசைக்கு முன்னால் கொண்டு சேர்த்தவர். கணவர் ஜெரோம் அவரிடம் ஏதாவது கேட்டால் மட்டும் மறுநாள்தான் பதில் வரும். வீட்டுக்குள் தபால் கிடையாது என்பார் ஜெரோம்.

புத்தகத்தைத் திண்டுக்கல் நாகல் நகரில் ஜெயமேரியின் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனவர் தங்கை மகன் ஆண்டனிராஜ், கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். கடிதங்களை எழுதியவர் பெல்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர். ஆயுள் முழுக்கச் சாமிகளையும் சடங்குகளையும் பற்றி எழுதினார். எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை, எந்தச் சடங்கையும் நேரில் பார்த்ததில்லை. பாதிரிமாரும் கலெக்டர்களும் இருந்த ஊருக்கெல்லாம் கேள்வி எழுதிப் போட்டு, வந்த பதில்களைக் கொண்டே பெரிய ஆளானவர். தபாலை இவ்வளவு நம்பிய மனிதரை ஜெயமேரிக்கு உடனே பிடித்துப்போனது.

நடுவில், திண்டுக்கல் பக்கத்துப் பங்குச் சாமியார் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் இருந்தது. மழை பொய்த்தால் வைக்கோலில் கொடும்பாவி கட்டி, பிணம் போலத் தெருவில் இழுத்து, பெண்கள் ஒப்பாரி வைப்பதாகக் கேள்விப்பட்டேன். அழுத பெண்கள் தீட்டுக் கழியக் குளிக்கிறார்களா? விசாரித்து எழுதவும். கீழே பதிப்பாசிரியர் குறிப்பு: பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை.

“நூறு வருசமா ஒருத்தரும் பதில் போடலையாம். ஊரு மானமே போச்சுடா,” என்றார் ஜெயமேரி.

“பெரியம்மா, கேட்டவரும் செத்துட்டாரு, பதில் போட வேண்டியவரும் செத்துட்டாரு,” என்றார் ஆண்டனிராஜ்.

“செத்தா என்ன? கிடப்புல போடலாமா?”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிச் சேவுகம்பட்டிக்குப் போனார். அங்கே தபாலாபீசில் சில வருடம் இருந்தவர்; சண்முகவள்ளியை அப்போதே தெரியும். மல்லிகை போடுகிற குடும்பம். ஊரில் கொடும்பாவி இழுத்தபோதெல்லாம் முன்னால் நின்று ஒப்பாரி எடுத்துக் கொடுத்தவர். கேள்வியைக் கேட்டதும் வள்ளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“குளிக்கவா? தண்ணி கெடந்தா நாங்க எதுக்குக்கா கொடும்பாவி இழுக்கப் போறோம்?”

“அப்ப தீட்டு?”

“அது இருக்கும். மழை பேஞ்சு நனைக்கிற வரைக்கும் தீட்டுத்தான். தீட்டோட கோயிலுக்குப் போக முடியுமா? சாமிக்குப் பொங்கல் வேணும்னா மழையை அனுப்பட்டும். அம்புட்டுத்தான்.”

சாமியை இப்படி மடக்குகிற வழி பெல்டனுக்குத் தெரிந்திருந்தால் ஓர் அத்தியாயமே எழுதியிருப்பார். ஜெயமேரி தமிழில் எழுத, ஆண்டனிராஜ் ஆங்கிலமாக்கிப் பதிப்பாசிரியருக்கு அனுப்பினார். சீமையிலிருந்து அந்தப் பதிப்பாசிரியர் அம்மாள் மகிழ்ந்துபோய் எழுதினார்: இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது, ‘உள்ளூர்ப் பெண் ஒருவர் தந்த தகவல்’ என்று சேர்த்துவிடுகிறேன்.

வினை அங்கேதான் பிடித்தது. ஜெயமேரி முழுப் புத்தகத்தையும் படித்தவர். அதில் பாதிரிக்குப் பெயர் உண்டு, கலெக்டருக்குப் பெயர் உண்டு, கலெக்டரின் நாய்க்கும் உண்டு. விஷயத்தைச் சொன்னவர்கள் மட்டும் ‘ஒரு சுதேசி’, ‘நம்பத்தகுந்த ஒரு கிழவன்’.

“வள்ளி பேரைப் போடணும். இல்லேன்னா பதிலை எடுத்துரச் சொல்லு.”

“முறுக்கிக்கிட்டா எடுத்தே போடுவாங்க, பெரியம்மா.”

“எடுக்கட்டும். இம்புட்டு நாள் கெடந்த கேள்விதானே, இன்னும் கெடக்கட்டும்.”

பதில் பணிவாக வந்தது. தகவல் தருகிறவரின் அந்தரங்கத்தைக் காக்கவே இக்காலத்தில் பெயர் வெளியிடுவதில்லையாம். அன்று அலட்சியத்தால் விட்டார்கள். இன்று மரியாதையால் விடுகிறார்கள். இரண்டு விதத்திலும் வள்ளிக்குப் பெயர் இல்லை.

ஜெயமேரி மறுபடியும் சேவுகம்பட்டிக்குப் போனார், இந்த முறை ஆண்டனிராஜையும் இழுத்துக்கொண்டு. விஷயத்தைக் கேட்டதும் வள்ளிக்குக் கோபம் வந்தது.

“மறைக்கிறதுக்கு நான் என்ன களவா எடுத்தேன்? தம்பி, போனை இங்கிட்டுப் பிடிங்க.” முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனைப் பார்த்துச் சொன்னார்: “எம்பேரு சண்முகவள்ளி. சேவுகம்பட்டி. அழுதது நான். பேரைப் போடுங்க.”

ஆண்டனிராஜ் அதை அப்படியே அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த அம்மாளிடமிருந்து மறுப்பு வரவில்லை. சில மாதம் கழித்துப் புத்தகம்தான் வந்தது. பெல்டனின் கேள்விக்குக் கீழே ஆங்கில எழுத்தில் சண்முகவள்ளி, சேவுகம்பட்டி, அதற்குக் கீழே பதில்.

ஜெயமேரி ஆண்டனிராஜையும் கூட்டிக்கொண்டு போய் அதை நேரில் கொடுத்தார். ஆண்டனிராஜ் காட்டிய இடத்தில் வள்ளி விரலை வைத்து வைத்துப் பார்த்தார்.

“உங்க பேரு எங்கக்கா?”

“என் பேரு எதுக்குடி? நானா அழுதேன்?”

“நல்லாருக்கு நாயம்!” என்று புத்தகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வள்ளி தெருவில் இறங்கினார். ஒரு வீடு விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் பக்கத்தை விரித்து, “இது எம்பேரு. வாங்கிக் குடுத்தது போஸ்டாபீஸ் ஜெயமேரியக்கா, அது இதுல விட்டுப்போச்சு, கேட்டுக்கங்க,” என்று அச்சில் விட்டதை வாயால் சேர்த்துக்கொண்டு போனார்.

“போதும்டி வள்ளி, வெயிலு,” என்று சொல்லிக்கொண்டே ஜெயமேரி கடைசி வீடு வரைக்கும் பின்னாலேயே போனார்.