அடித்து இறுக்கிய வடிகால்

எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் இருசப்பன் சித்தப்பாவைப் பற்றி இதுவரை இருந்தது ஒரே வரி: "கான்கிரீட் மேஸ்திரி, அடி அண்ணாமலை, சந்ததி இல்லை." அது போதாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1931. திமிசுக்கட்டை பிடித்துத் தளம் இறுக்குவதில் திருவண்ணாமலையில் அவருக்கு நல்ல பெயர். போட்ட தளத்தின்மேல் பாத்தி கட்டி நீரை நிறுத்தி, அடியில் ஒரு சொட்டும் கசியவில்லை என்று காட்டிய பிறகே இடத்தைவிட்டு நகர்வார்.

அவருடைய சொந்த வீடு மட்டும் கசிந்தது. ஐப்பசி பிறந்தால் மலைச்சரிவிலிருந்து இறங்கும் நீர் பின்சுவரில் ஊறி, கட்டில் உயரம்வரை ஏறும். பச்சையம்மாள் சித்திக்கு இழுப்பு நோய். இந்த ஈரத்திலேயே படுத்திருந்தால் மூச்சு அதிக காலம் தாங்காது என்று 1976இல் வைத்தியர் சொல்லிவிட்டார்.

மறு ஆண்டு சித்திரையில், நகரத்தில் ஓர் அரிசி ஆலையின் பழைய உலர்களத்தைப் பெயர்த்தார்கள். கருங்கல் ஜல்லி வாங்க வழியில்லாத சித்தப்பா, அந்தக் கான்கிரீட் கட்டிகளை மாட்டுவண்டியில் கொண்டுவந்து சம்மட்டியால் உடைத்தார். கூட உடைத்தவர் கூட்டாளி சடையன்.

"இன்னா மேஸ்திரி, ஊரு களத்தையெல்லாம் உன் ஊட்டுப் பின்னாடி பொதைக்கிற?"

"தண்ணிக்கு வழி போடறேன்டா. எம் பொண்டாட்டி மூச்சு வுடணும்."

பின்சுவரை ஒட்டி முப்பது அடி நீளம், இடுப்பளவு ஆழத்தில் பள்ளம் தோண்டினார். உடைத்த கட்டிகளை அதில் கொட்டி, முனையில் மண்குழாய் வைத்துத் தெருக் கால்வாயில் சேர்த்தார். தூளைச் சலித்து நீக்கவில்லை. வீணாக்க மனமின்றி அதையும் கொட்டினார். பிறகு பழகிய கையால் திமிசுக்கட்டையை எடுத்தார்.

சித்தி பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, இவ்ளோ இறுக்கிட்டா தண்ணி எதுல போவும்?"

"லூசா வுட்டா அமுந்துடும்டி. என் கையால போட்டது எது பொளந்துச்சி, சொல்லு?"

அந்த ஆண்டு மழைக்குக் குழாயில் விரல் பருமனில் நீர் வந்தது. சித்தி இரவெல்லாம் படுத்து உறங்கினார். அடுத்த மழைக்குக் குழாய் வாயில் வெள்ளையாக ஓர் ஏடு படிந்தது. சித்தப்பா சுரண்டி எடுத்தார். மூன்றாவது மழைக்குக் குழாய் நனையவே இல்லை. தூளில் மிஞ்சியிருந்த சிமெண்டும் சுண்ணாம்பும் நீரில் கரைந்து, இடுக்குகளை அடைத்து, மறுபடியும் இறுகிவிட்டன. நீர் பழையபடி சுவரில் ஏறியது. 1979 கார்த்திகையில் வேங்கிக்காலிலிருந்து சித்தியின் அண்ணன் ஆதிமூலம் வண்டியோடு வந்து தங்கையை அழைத்துச் சென்றார்.

சித்தப்பா வடிகாலைத் தோண்டிப் பார்த்தார். கடப்பாரை எகிறியது.

"நான் போட்டதுலயே இதாண்டா சடையா ஒஸ்தி கான்கிரீட்டு" என்றார்.

ஒருமுறை வேங்கிக்காலுக்குப் போய்ச் சித்தியை அழைத்தார்.

"வர்றேங்க. கட்டில எங்க போடுவீங்க?"

சித்தப்பா திரும்பி வந்து உடைக்கத் தொடங்கினார். தோள்மூட்டு தேய்ந்திருந்தது, நான்கு ஆண்டுகளில் ஒன்பது அடிதான் பெயர்ந்தது. 1983 ஐப்பசி பதினொன்றாம் நாள் அண்ணன் வீட்டில் சித்தி காலமானார்.

காரியம் முடிந்து வந்தபின் சித்தப்பா கடப்பாரையைத் தொடவில்லை. 1988இல் அவரும் போனார். மீதி இருபத்தொரு அடி அந்தச் சுவருக்குப் பின்னால் இன்றும் இறுகிக் கிடக்கிறது.