ஐந்து மணிக்கு அணையும் லிங்க்

1. கேபிள் மேல் சந்தேகம்

கண்காணிப்பு அறையிலிருந்து போன் வந்தால், கையிலிருக்கும் டீயை முதலில் குடித்து முடித்துவிடுவேன். எங்கேயோ இணைய லிங்க் போய்விட்டது என்றுதான் சொல்லப்போகிறார்கள். நான் பதறினால் அது வந்துவிடாது. தொலைபேசித் துறையில் கேபிள் ஜாயிண்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், ஊராட்சி அலுவலகங்களுக்குக் கண்ணாடி இழை கேபிள் கொண்டுபோகும் அரசுத் திட்டத்தில், ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஃபீல்டு வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை என் ஏரியா. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று பேசியவர் எங்கள் மேனேஜர். "சார், உங்க சைட்டு ஒண்ணு தினம் சாயங்காலம் சாவுது, காலையில உயிர் வருது. என்னன்னு போய்ப் பாருங்க" என்றார்.

மண்ணூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஊர் அது. பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. பரம்பரையாக நெல் விளைவித்த குடும்பங்கள், அவர்களுடைய பிள்ளைகள் இப்போது கம்பெனி யூனிஃபார்மில். பழைய மாட்டுக் கொட்டகைகள் இருந்த இடத்தில் வரிசையாக வாடகை அறைகள். அறைக்கு நான்கைந்து பேராக வெளியூர்ப் பையன்கள்.

திட்டத்தின் பணம் எதற்கெல்லாம் என்று ஒவ்வோர் இனமாக எழுதியிருக்கும். பள்ளம் தோண்ட, கேபிள் வாங்க, அலுவலக மூலையில் இணையக் கருவிகளுக்கு ஒரு ரேக் வைக்க, கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி, பொதுமக்களுக்காக வெளிச்சுவரில் ஒரு வைஃபை பெட்டி. அலுவலக நேரத்தில் லிங்க் உயிரோடு இருந்தால் ஒப்பந்தக்காரருக்கு பில் பாஸாகிவிடும். அதனால் சாயங்காலம் அது செத்ததைப் பற்றி யாரும் அதுவரை கவலைப்படவில்லை. கண்காணிப்பு அறையின் வரைபடத்தில் தினமும் ஒரு சிவப்புப் புள்ளி வருவதை மேலே யாரோ பார்த்துக் கேட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் லிங்க் போனால் முதலில் ஜேசிபியைத்தான் திட்டுவோம். எங்கேயாவது ஒரு கம்பெனிக்குச் சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டே இருக்கும், பள்ளம் தோண்டுகிறவன் எங்கள் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிடுவான். நானும் அந்தப் பழக்கத்தில் ஓடிடிஆரைத் தூக்கிக்கொண்டு போனேன். கேபிளுக்குள் ஒளியை அனுப்பி, எங்கே அடிபட்டிருக்கிறது என்று காட்டும் கருவி அது. வழியெல்லாம் சுத்தமாக இருந்தது. மனசு கேட்காமல் நன்றாக இருந்த ஒரு ஜாயிண்டையும் வெட்டி மறுபடி ஒட்டினேன். அன்று சாயங்காலமும் லிங்க் செத்தது.

2. மெயின்

மறுநாள் அலுவலகம் மூடும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊராட்சியின் செயலர் பக்கத்து ஊராட்சிகளையும் சேர்த்துப் பார்ப்பவர், அதிகம் இருக்கமாட்டார். திறப்பது, பெருக்குவது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, பூட்டுவது எல்லாம் உதவியாளர் பிலோமினாதான். கறாரான பெண்மணி. நான் வந்த முதல் நாளே செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னவர்.

ஐந்து மணி ஆனதும் பிலோமினா ஜன்னல்களைச் சாத்தினார். மீட்டர் பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சை இறக்கினார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஷட்டரில் கை வைத்தார். மூலையில் ரேக் பேட்டரிக்கு மாறி, கொஞ்ச நேரம் கீச் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தினமும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"பின்ன இன்னா சார்? பழைய ஆபீஸ் கரண்ட்டு ஷாட் ஆயித்தான் எரிஞ்சுது. மெயின எறக்காம வூட்டுக்குப் போனா எனக்குத் தூக்கம் வராது."

அவர் மேல் தப்பே இல்லை. அரசு அலுவலகத்தில் பூட்டுகிறவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். எப்போதாவது கரண்ட் போனால் தாங்குவதற்கு வைத்த பேட்டரி, தினமும் அடிவரை காலியாகி காலியாகி வலுவிழந்துவிட்டது. புதிதில் சில மணி நேரம் தாங்கியிருக்கும். இப்போது ஒரு டீ குடிக்கும் நேரம்கூடத் தாங்கவில்லை.

வெளியே வந்தபோதுதான் அந்தப் பையனைப் பார்த்தேன். கம்பெனி யூனிஃபார்மில், வைஃபை பெட்டிக்குக் கீழே படியில் உட்கார்ந்திருந்தான். போனைத் தூணில் சாய்த்து வைத்திருந்தான். இரண்டு கைகளும் பாதியில் நின்றிருந்தன. திரையில் ஒரு பெண் விரல்களை உயர்த்தியபடி அசையாமல் இருந்தாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போனைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"ரீல்ஸ் எடுக்கற பையன் சார். தெனம் வந்து ஆடிக்கினு கீறான்" என்றார் பிலோமினா.

நான் அவனைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் எழுந்து நின்று, காதைக் காட்டித் தலையசைத்தான். போனை எடுத்து எழுதிக் காட்டினான்.

பெயர் இசக்கி. தென்காசிப் பக்கம். மனைவி செல்வி, அவளுக்கும் காது கேட்காது. நிறைமாதம், தாய் வீட்டில் இருக்கிறாள். கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்ட் விட்டதும் எல்லா அறைகளிலிருந்தும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் பேசுவார்கள், டவர் திணறும். மற்றவர்கள் வீடியோவை நிறுத்திவிட்டு வெறும் குரலில் பேசிக்கொள்வார்கள். இவர்களுக்கு அது முடியாது. கை பாதியில் நின்றால் வார்த்தையே போய்விடும். இந்தச் சுவருக்குக் கீழேதான் படம் நிற்காமல் வந்தது.

'முன்ன ரொம்ப நேரம் வரும். இப்ப தினம் குறையுது. கவர்மெண்ட் அஞ்சு மணிக்கு மூடிரும்லா, அதான் பஸ்ஸை விட்டு ஓடி வாரேன்' என்று எழுதினான்.

புகார் சொல்லத் தோன்றவில்லையா என்று நான் எழுதினேன். அலுவலகம் மூடினால் நெட்டும் மூடும் என்பதுதானே முறை என்று நினைத்திருக்கிறான். பிறகு யோசித்து இன்னொன்றும் எழுதினான்.

'அவ அம்மாவுக்குச் சாப்பாடு, தண்ணி, தூக்கம் இவ்வளவுதான் கையால சொல்லத் தெரியும். பயமா இருக்குன்னு சொல்லணும்னா அவளுக்கு நான்தான் இருக்கேன்.'

பிள்ளை பிறக்கும் நாள் நெருங்க நெருங்க, இங்கே பேட்டரி தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது.

3. எந்த இனத்திலும் சேராத வேலை

பிலோமினாவிடம் சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஆபீஸ் வாசலில் ஆடுகிறான், கெட்ட பெயர் வந்துவிடும் என்று அவனைப் பார்த்தாலே சீக்கிரம் மூடியிருக்கிறார். ஆனாலும் மெயினை இறக்காமல் போகமாட்டேன் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. தீயைப் பார்த்தவரின் பயத்தைப் பேசித் தீர்க்க முடியாது.

வழி எளிதானது. மெயினுக்கு முன்னாலிருந்தே ரேக்குக்குத் தனி லைன் இழுத்து, அதற்கென்று தனி எம்சிபி சுவிட்ச் போட வேண்டும். மெயினை இறக்கினாலும் ரேக் மட்டும் ஓடும். வேலை கொஞ்சம்தான். ஆனால் அது எந்த இனத்திலும் இல்லை. சுவருக்குள் ஓடும் வயர் ஊராட்சியுடையது என்றது திட்டம், ரேக் திட்டத்துடையது என்றது ஊராட்சி, இரண்டு பேரும் கையெழுத்திட்டு வாருங்கள் என்றது மின்வாரியம்.

மேனேஜருக்குப் போன் போட்டேன். ஆபீஸ் நேரத்தில் லிங்க் நன்றாகத்தானே இருக்கிறது, ஐந்து மணிக்கு மேல் யாருக்கு வேண்டும் என்றார்.

"அப்ப வெளிச்சுவத்துல வைஃபை மாட்டினது காக்காவுக்கா சார்?"

சிரித்துவிட்டார். எழுதிக் கொடுங்கள், நான் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்றார். சொன்னபடி அலையவும் செய்தார். பேட்டரி மாற்ற ஒரு கடிதம், தனி லைனுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். இரண்டும் மேஜை மேஜையாக நின்று இளைப்பாறிப் போயின.

இடையில் ஒருநாள் வேறு வேலையாக அந்த வழியே போனேன். ஐந்து தாண்டியிருந்தது, ஷட்டர் திறந்தே இருந்தது. உள்ளே பிலோமினா, அலுவலக மேஜையில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெளியே இசக்கியின் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டில் வேலை இல்லையா என்று கேட்டேன்.

"கீது சார். அத இங்கியே கொணாந்துட்டேன்."

வாசலில் காற்றாக உட்காரலாமே என்றேன். தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

"என்னப் பாத்தா, பூட்டறதுக்கு நிக்கறேன்னு அந்தப் புள்ள சீக்கிரம் முடிச்சுடும்."

தினமும் அப்படித்தான் இருந்திருக்கிறார். யார் கேட்டும் செய்யவில்லை, அவனிடமும் சொல்லவில்லை.

4. சத்தம்

கடிதங்கள் ஒருவழியாக ஊர் சுற்றிவிட்டு அனுமதியோடு வந்தன. எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய் புது பேட்டரியை வைத்து, தனி லைன் இழுத்தோம். புது எம்சிபிக்குப் பக்கத்தில் 'இதை இறக்கக் கூடாது' என்று பிலோமினாவே சிவப்பு பெயிண்டில் எழுதினார். ஐந்து மணிக்கு வழக்கம்போல மெயினை இறக்கினார். ஃபேன் நின்றது, லைட் அணைந்தது, மூலையில் ரேக்கின் பச்சை விளக்குகள் மட்டும் அப்படியே எரிந்தன. பெட்டிக்குப் பக்கத்தில் போய் கருகல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தார். பிறகுதான் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஷட்டரை இழுத்துவிட்டுத் திரும்பினால், இசக்கி ஓடி வருகிறான். எங்களைப் பார்த்ததும் கைகளைத் தொட்டில் போல ஆட்டிக் காட்டினான். அன்று காலையில் பெண் பிள்ளை பிறந்திருந்தது. லீவு அடுத்த நாளிலிருந்துதான்.

தூணில் போனைச் சாய்த்தான். செல்வி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். களைத்த முகம். அவள் கைகள் மெதுவாகப் பேசின, இவன் கைகள் வேகமாகப் பேசின. எங்கேயும் நிற்கவில்லை. மூடிய ஷட்டருக்கு வெளியே நின்று நானும் பிலோமினாவும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு திரையில் பிள்ளை வந்தது. முகம் சிவந்து, வாய் முழுக்கத் திறந்திருந்தது. இசக்கி போனை எடுத்து எங்கள் பக்கம் நீட்டினான். பிள்ளையின் வாயைக் காட்டினான், என் காதைக் காட்டினான், சத்தம் வருகிறதா என்று புருவத்தை உயர்த்தினான். அங்கே செல்விக்கு அவள் அம்மா சொல்லியிருப்பார். இவனுக்கு இவன் பக்கத்திலிருந்து ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையின் வாய் திறந்து மூடியது, சத்தமே இல்லை. பிலோமினா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என்ன முகம் காட்டுவது என்று தெரியாமல் நான் போனை வாங்கினேன். அப்போதுதான் பார்த்தேன், வால்யூம் அடியில் கிடந்தது. அவன் அதை எதற்காக ஏற்றியிருக்கப் போகிறான்?

பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன். பிள்ளையின் அழுகை கிளம்பியது. நல்ல கனத்த அழுகை, தெருவில் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார். பிலோமினா அழுதுகொண்டே சிரித்தார். எவ்வளவு பெரிய சத்தம் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், போதாதென்று இன்னும் விரித்தார். இசக்கி அதை அப்படியே செல்விக்குத் தன் கைகளால் சொன்னான்.

இப்போது புது ஊராட்சிகளின் எஸ்டிமேட்டில் தனி எம்சிபி ஓர் இனமாக வருகிறது. நான் கற்றுக்கொண்டதும் ஒன்றுதான். எந்த சைட்டையும் ஆபீஸ் பூட்டியபிறகு போய்ப் பார்க்காமல் ஒப்படைப்பதில்லை. அரசு பணம் போட்டு இழுத்த கேபிளுக்கு, பலரும் அந்த நேரத்தில்தான் வந்து சேர்கிறார்கள்.

இசக்கி இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறான், சாயங்காலம் அதே படிக்குத்தான் வருகிறான். போனில் வால்யூமை முழுதாக வைத்திருக்கிறான், யாராவது கேட்கட்டும் என்று. பிலோமினா பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் போகிறாராம். போன வாரம் எனக்குப் போன் செய்தார். ரேக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து, டீயைக்கூடக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"ஒண்ணும் இல்ல சார். பாப்பா இன்னிக்கு சிரிச்சுது. சத்தம் வந்துது. அவன் கையில சொல்லிட்டேன்."