ஜவாத் நானா எனக்காக எழுதிய ஆட்டம்

கராம்பு வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது... ரத்தோட்டையில் செஸ் போட்டி நடந்த மண்டபத்துக்குப் பின்னால் கராம்பு ஸ்டோர். தும்மினால் காய் உருளும் என்று அடக்கிக்கொண்டு ஆடுவோம்.

மெதுவாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. எங்கள் தோட்டத்து அணிக்கும் மாத்தளை டவுன் அணிக்கும் போட்டி. நான்கு ஆட்டம் முடிந்து இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டம் என்னுடையது. எனக்குக் கறுப்பு. எதிரே டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த ஜவாத் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.

உட்கார்ந்த பிறகுதான் நடுவராக வந்த பள்ளிக்கூட மாஸ்டர் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் வைத்தார். கடைசி ஆட்டம் என்பதால் ஒவ்வொரு நகர்த்தலையும் எழுத வேண்டுமாம். எழுதாவிட்டால் வெற்றி எதிராளிக்கு.

தோட்டத்தில் நாங்கள் எழுதி ஆடியதே இல்லை. எனக்கு எழுத்தும் தெரியாது. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாவிட்டால் தாள் வெறுமையாக இருக்கும், எங்கள் அணி தோற்கும்.

நான் பென்சில் பிடித்த விதத்தை ஜவாத் நானா பார்த்திருக்க வேண்டும்.

"மாஸ்டர், இவருக்கு ரிவர்ஸ்டன் மலைக் குளிரு இன்னும் கைய விடல. ரெண்டு பேருக்கும் நானே எழுதுறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் தலையாட்டினார்.

வழக்கமான தொடக்கம்தான். நடுச் சிப்பாய்கள், குதிரைகள், பிறகு அவருடைய மந்திரி. நான் என் குதிரையை நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு சிப்பாயைக் காவலில்லாமல் விட்டேன். அவர் குதிரை அதை வெட்டியது. என் ராணி வெளியே வந்தது. அவர் குதிரை இன்னொரு சிப்பாயையும் வெட்டி என் யானைக்குக் குறி வைத்தது. எங்கள் ஆட்கள் "போச்சு" என்று முணுமுணுத்தார்கள்...

என் ராணி இரண்டு சிப்பாய்களை அடுத்தடுத்து வெட்டி 'செக்' வைத்தது. அவர் மந்திரியைக் குறுக்கே வைத்தார். ஏழாவது நகர்த்தலில் என் குதிரை பாய்ந்தது. சுற்றிலும் சொந்தக் காய்களே நின்றதால் அவருடைய ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை; ஆட்டம் எனக்கு.

டவுன் ஆட்கள் நம்பவில்லை. இடையில் காய் மாறியிருக்கும் என்றார்கள். மாஸ்டர் தாளைப் பார்த்து முதலிலிருந்து அடுக்கினார். ஒன்றும் பிசகவில்லை.

ஜவாத் நானா ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

"என் தோல்விய நானே எழுதிக் குடுத்திட்டேன் தம்பி" என்று தோளில் தட்டினார்.

இப்போது பிள்ளைகள் போனில் ஆடுகிறார்கள். நகர்த்தல்களைப் போனே எழுதிக்கொள்கிறது. நான்தான் எழுபது வயதுக்குப் பிறகு எழுதப் பழகினேன்...

இன்று காலை அந்த ஆட்டத்தைக் கொப்பியில் எழுதினேன். ஆட எடுத்தது பத்து நிமிடம். எழுத ஒரு மணி நேரம்.

சரியா என்று பார்த்துச் சொல்ல ஜவாத் நானா இல்லை. வெள்ளைக்கு நேரே அவர் பெயரைப் போட்டேன்.

கறுப்புக்கு நேரே, என் கையால், என் பெயர்.